போன் பேச முடியுது, பாட்டு மட்டும் வரலையா?

அப்பா கால் டாக்ஸி ஓட்டுறார். போன மாசம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்ததும், "தம்பி, வண்டியில மேப் பேச மாட்டேங்குதுடா. இன்னிக்கு ரெண்டு திருப்பத்தை விட்டுட்டேன், கஸ்டமர் கத்துறார்"னு சொன்னார். கஸ்டமர் போன் பண்ணா கார் ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்குது. பாட்டும் மேப் குரலும்தான் இல்லை. கடையில காட்டினாராம். "செட் போயிடுச்சு, புதுசு 9,000 ரூபாய்"னு சொல்லிட்டாங்க. ஈசிஇ மூணாம் வருஷம் படிக்கிற பையன் வீட்டுல இருக்கேன், என்கிட்ட முதல்ல கேட்கலை பாருங்க!

செட் போகவில்லை. புளூடூத்தில் "கனெக்டட்" என்று ஒரே வார்த்தைதான் காட்டும். ஆனால் உள்ளே ஓடுவது ஒரே இணைப்பு இல்லை, வேலைக்கு ஒரு ப்ரொஃபைல். போன் பேச எச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, ஸ்டியரிங்கில் இருக்கும் 'அடுத்த பாட்டு' பட்டனுக்கு ஏவிஆர்சிபி. இதில் ஒன்று ஓடும்போதே இன்னொன்று படுத்துவிடலாம். போன் பேசுவது காரில் கேட்குதுன்னா செட், ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடதான் இருக்குன்னு அர்த்தம்.

வண்டியை ஓரமா நிறுத்திட்டு, போன் செட்டிங்ஸில் புளூடூத் போய், கார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தட்டுங்க. ஆண்ட்ராய்டில் 'போன் கால்', 'மீடியா ஆடியோ' என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். அப்பா போனில் இரண்டாவது அணைந்து கிடந்தது. போட்டதும் பாட்டு வந்துடுச்சு.

மேப் மட்டும் அப்பவும் ஊமை! காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. கஸ்டமருக்காக அப்பா எப்பவும் எஃப்எம் போட்டு வைப்பார். மேப் குரல் ஏ2டிபி வழியாக ஒழுங்காக காருக்குப் போகிறது. செட் எஃப்எம்மில் இருப்பதால் அதை வெளியே விடுவதில்லை. ஒன்று, செட்டை புளூடூத்திலேயே வைக்கணும். இல்லைன்னா கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸில் புளூடூத் வழியே குரல் வரும் ஆப்ஷனை அணைச்சுட்டா போன் ஸ்பீக்கரே பேசும். அப்பா இரண்டாவதைத்தான் எடுத்தார்.

சுவிட்ச் எல்லாம் சரி, அப்பவும் வரலையா? இன்னொருத்தர் போனை இணைச்சுப் பாருங்க. அதில் பாடினால் சிக்கல் உங்க போன் பக்கம். அப்போ பேரிங்கை அழிச்சுட்டு புதுசா இணைங்க. போன், கார் ரெண்டு பக்கமும் அழிக்கணும். இணைக்கும்போது உருவாகும் ரகசியச் சாவியை ரெண்டுமே சேமிச்சு வைக்கும். ஒரு பக்கம் மட்டும் அழிச்சா மற்றது பழைய சாவியையே பிடிச்சுக்கிட்டு நிற்கும்.

பாட்டு வருது, ஆனா டெலிபோன்ல பாடுற மாதிரி இருக்குன்னா, ஏதோ ஒரு ஆப் மைக்கைப் பிடிச்சு வெச்சிருக்கு. உடனே இணைப்பு எச்எஃப்பிக்குத் தாவிடும். அதில் குரலை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் சாம்பிள் எடுப்பாங்க. பாட்டுக்கு வழக்கமா 44,100. அந்த ஆப்பை மூடினால் சரியாயிடும்.

விட்டு விட்டு வந்தா, போனை பின்பாக்கெட்டிலிருந்து எடுங்க. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், நம்ம உடம்புத் தண்ணீர் அதை நல்லாவே உறிஞ்சும். ஹாட்ஸ்பாட்டும் அதே அலைவரிசையில் இருந்தா ரெண்டும் முட்டிக்கும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க.

ஆக்ஸ் வயரில் புளூடூத் ரிசீவர் மாட்டியிருக்கீங்களா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு 'ஙொய்ய்' சத்தம் ஏறினால் புளூடூத்தைத் திட்டாதீங்க. அது ஆல்டர்னேட்டர் இரைச்சல், சார்ஜர் வழியாக வருது. சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, நின்னுடும். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒண்ணு ஆக்ஸ் வயர்ல போட்டா போதும்.

அந்த 9,000 ரூபாயில் அப்பா முன்பக்க டயர் ரெண்டையும் மாத்திட்டார்.