விலை கூடின ஜீப்பு சேற்றில் சிக்காதா?

மழைக்காலம். மலைச் சரிவில் ஒரு மண் பாதை. பாதை முழுவதும் சேறு. இரண்டு ஜீப்புகள் மேலே ஏற வருகின்றன.

முதல் வண்டி பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. கூரை முழுவதும் கண்ணாடி. உட்கார்ந்தால் இருக்கையிலிருந்தே குளிர்ந்த காற்று வருகிறது. பாட்டுப் பெட்டியோ உயர்ந்த ரகம். இரண்டாவது வண்டியில் அவ்வளவு ஆடம்பரம் இல்லை.

முதல் வண்டி சேற்றில் இறங்குகிறது. ஒரு பின்சக்கரம் "கிர்" என்று சுழல்கிறது. சேறு வாரி இறைக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை! இரண்டாவது வண்டி ஆமைபோல மெதுவாக வருகிறது. நான்கு சக்கரமும் மண்ணைப் பற்றுகின்றன. மேலே ஏறிப் போய்விடுகிறது!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வண்டிகள் கற்பனை அல்ல. இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். பெயரும் ஒன்றுதான். ஏறிப் போகும் வண்டியின் விலைதான், அவை வந்தபோது, குறைவாக இருந்தது!

அது எப்படி?

ஒரே பெயர், பல ரகம்

வேட்டியில் கரை மாறினால் விலை மாறுகிறது அல்லவா? மோட்டார் வண்டியிலும் அப்படித்தான். ஒரே பெயரில் பல ரகங்கள் வருகின்றன. ஆரம்ப ரகத்தில் அவசியமானவை மட்டும் இருக்கும். விலை கூடக் கூட வசதிகளும் கூடும்.

ஊருக்குள் ஓடும் கார் என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை. ஆசைக்கும் பணத்துக்கும் ஏற்றபடி வாங்கலாம். காடு, மலை, சேறு, மணல் என்று போகிற வண்டிக்கு அது போதாது. கூடுதல் பணம் எதற்காகப் போகிறது என்று கேட்க வேண்டும். மெத்தைக்கா? அல்லது சக்கரத்துக்கா?

மகிந்திரா கம்பெனியின் "தார் ராக்ஸ்" வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். இது 2024 ஆகஸ்டில் வந்தது. எம்.எக்ஸ்.1 என்ற ஆரம்ப ரகத்தின் விலை அப்போது 12 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். இது வரியும் இன்ஷூரன்சும் சேராத கடை விலை.

அந்த ஆரம்ப ரகத்தில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். நான்கு சக்கரமும் இழுக்கும் "ஃபோர் வீல்" ஏற்பாடு டீசல் வண்டியில், அதுவும் சில மேல் ரகங்களில் மட்டுமே கொடுக்கப்பட்டது. அவற்றில் மலிவானது எம்.எக்ஸ்.5. அதன் விலை அப்போது 18 லட்சத்து 79 ஆயிரம்.

இதைவிட உயர்ந்த ரகம் ஏ.எக்ஸ்.7.எல். அதிலே பின்சக்கர இழுவை மட்டும் உள்ள டீசல் வண்டியும் வந்தது. அதன் விலை அப்போது 18 லட்சத்து 99 ஆயிரம். கண்ணாடிக் கூரையும், காற்று வரும் இருக்கையும் இந்த வண்டியில் உண்டு. ஃபோர் வீல் இல்லை!

20 ஆயிரம் ரூபாய் குறைவான வண்டியில் ஃபோர் வீல் இருந்தது. 20 ஆயிரம் கூடின வண்டியில் அது இருக்கவில்லை. ரகத்தின் பெயரை மட்டும் பார்த்து, "இதுதான் உயர்ந்தது" என்று வாங்கி விட்டால், மழைக்காலத்தில் டிராக்டரைத்தான் தேட வேண்டும்.

சேற்றில் நடப்பது என்ன?

ஃபோர் வீல் ஏன் வேண்டும்? அது என்ன செய்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் உருண்டால் போதும். இதற்காக இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் "டிபரன்ஷியல்" என்ற பல்சக்கர ஏற்பாடு உண்டு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது.

தார் ரோட்டில் இது நல்லது. சேற்றில் இதுவே வினையாகிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வேகமாகச் சுழலும். கெட்டியான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

ஃபோர் வீல் வண்டியில் எஞ்சினின் பலம் முன் சக்கரங்களுக்கும் போகிறது. பின்னால் பிடிப்பு இல்லாவிட்டாலும் முன்னால் பிடித்து இழுக்கலாம். அதோடு "லோ கியர்" என்று ஒரு தனிக் கியர் இருக்கும். வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். செங்குத்தான ஏற்றத்திலும், கல் நிறைந்த இறக்கத்திலும் இதுதான் கை கொடுக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபோர் வீல் வண்டியை நகர்த்தத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடித்தால் நிற்பது டயரின் பிடிப்பைப் பொறுத்தது. "நம்மிடம் ஃபோர் வீல் இருக்கிறது" என்று ஈர ரோட்டில் பறந்தால் முடிவு ஒன்றுதான். இவ்வகை வண்டிகளைக் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டவும் கூடாது. திரும்பும்போது பல்சக்கரங்கள் இறுகிக் கெட்டுப் போகும்.

இரண்டு ரகம், ஒரே எலும்பு

இப்போது வேறொரு வண்டியைப் பாருங்கள். மாருதி சுசுகி கம்பெனியின் "ஜிம்னி". ஜப்பானில் 1970-ல் பிறந்த பெயர் இது. ஐந்து கதவுள்ள ஜிம்னி நம் நாட்டில் 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது.

அதில் இரண்டே ரகம். ஜீட்டா சின்னது; ஆல்பா பெரியது. கையால் கியர் போடும் ஜீட்டாவின் விலை அப்போது 12 லட்சத்து 74 ஆயிரம். அதே ஆல்பா 13 லட்சத்து 69 ஆயிரம். வித்தியாசம் 95 ஆயிரம் ரூபாய்.

எஞ்சின் இரண்டிலும் ஒன்றே. ஃபோர் வீலும், லோ கியரும் இரண்டிலும் உண்டு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் 210 மில்லி மீட்டர். ஆறு காற்றுப் பைகள், வழுக்கும்போது வண்டியை நேராக்கும் ஈ.எஸ்.பி., ஏற்றத்தில் பின்னால் உருளாமல் தடுக்கும் ஏற்பாடு எல்லாம் இரண்டிலும் இருந்தன.

95 ஆயிரத்துக்கு என்ன கிடைத்தது? 7 அங்குலத் திரைக்குப் பதில் 9 அங்குலத் திரை. தானாகக் குளிரைச் சரி செய்யும் ஏ.சி. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் வசதி. அலாய் சக்கரம். பளிச்சென்ற எல்.இ.டி. விளக்கு. மூடுபனி விளக்கு.

சேற்றில் இறங்கினால் ஜீட்டாவும் ஆல்பாவும் ஒன்றே. ஜீட்டாவின் இரும்புச் சக்கரத்தில் ஒரு லாபம்கூட உண்டு. கல்லில் மோதினால் இரும்பு நெளியும். பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் பலமாக மோதினால் விரிசல் விடலாம்.

அப்படியானால் ஆல்பா வீணா? அப்படியும் சொல்லி விட முடியாது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இரவில் ஓட்டுகிறவருக்கு மூடுபனி என்றால் என்ன என்று தெரியும். பத்தடி தூரத்தில் பள்ளமா, பாதையா என்று புரியாது. அவருக்கு நல்ல விளக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம். பெரிய திரைதான் ஆடம்பரம்.

பணம் பலமாக மாறும் இடம்

சில வண்டிகளில் விலை கூடினால் பலமே கூடுகிறது. அமெரிக்காவின் ஜீப் ராங்லர் வண்டியில் "ஸ்போர்ட்" என்பது ஆரம்ப ரகம். "ரூபிகான்" என்பது காட்டுப் பாதைக்கென்றே செய்த உயர்ந்த ரகம். கலிபோர்னியா மாநிலத்தில் பெரிய பெரிய பாறைகள் கிடக்கும் ஒரு மலைப் பாதையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மாடலாக அது முதலில் வந்தது.

ரூபிகானில் முன்னும் பின்னும் டிபரன்ஷியலைப் பூட்டி விடலாம். பூட்டினால் இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது வண்டியைத் தள்ளும். லோ கியரின் பலமும் ஸ்போர்ட் ரகத்தைவிட அதிகம். இங்கே கூடுதல் பணம் மெத்தைக்குப் போகவில்லை. வண்டியின் அடிவயிற்றுக்குப் போகிறது. பாறையில் ஏற வேண்டியவருக்கு அது நியாயமான செலவு. கடற்கரைக்குப் போகிறவருக்கு?

பின்னால் மாட்டிக் கொள்ளலாமா?

"இப்போது சின்ன ரகம் வாங்குவோம், பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக் கொள்வோம்" என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி, பாதி தவறு.

இருக்கை உறை, மிதியடி, பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பிறகு மாட்டலாம். ஃபோர் வீலையும் காற்றுப் பையையும் பிறகு மாட்ட முடியாது. அவை வண்டியோடு பிறக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுகிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் இதை உறுதி செய்தது. பெரிய டயர் போட்டு, வண்டியை உயர்த்தி ஓட்டினால் வழக்கு வரலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்சிலும் தகராறு வரலாம்.

95 ஆயிரம் எவ்வளவு ஆகிறது?

கடையில் சொல்லும் வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு 100 ரூபாய்க்கு 18 ரூபாய் வரி. 95 ஆயிரத்துக்கு மட்டும் 17 ஆயிரத்து 100 ரூபாய்!

அந்த 95 ஆயிரத்தைக் கடனாக வாங்கினால்? வருஷ வட்டி 9 சதவீதம், ஐந்து வருஷத் தவணை என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் சுமார் 1,970 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியது சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம். வரியும் சேர்ந்தால் 95 ஆயிரம் என்பது 1 லட்சத்து 35 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒன்பது அங்குலத் திரைக்கு இது தகுமா என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து யோசிக்கலாம்.

எந்தக் குடும்பத்துக்கு எது?

நீலகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு மைல் மண் பாதை. மழை பெய்தால் சாதாரணக் கார் வராது. வீட்டில் வயதான தாயார் இருக்கிறார். நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு முதல் தேவை ஃபோர் வீல். இரண்டாவது நல்ல டயர். மூன்றாவது நல்ல விளக்கு. இவை இருக்கும் ரகங்களில் எது மலிவோ அதுவே சிறந்த ரகம். கண்ணாடிக் கூரை மழையில் எதற்கு?

கோயம்புத்தூரில் ஆபீசுக்குப் போய் வரும் குடும்பம் இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு தடவை வால்பாறைக்குப் போவார்கள். அதுவும் தார் ரோடு. இவர்களுக்கு ஃபோர் வீலே தேவையில்லை. உயரமான வண்டி பிடித்திருந்தால் பின்சக்கர இழுவை போதும். மிச்சப் பணத்தில் குழந்தைகளுக்கு வசதியான இருக்கையும், நல்ல ஏ.சி.யும் வாங்கலாம். அதில் தவறே இல்லை.

கணவன் ஃபோர் வீல் மீது ஆசைப்படுவார். "ஏங்க, போன வருஷம் எத்தனை நாள் சேற்றில் ஓட்டினீங்க?" என்று மனைவி கேட்பார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது!

கடைக்குப் போகுமுன்

ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். எந்தப் பாதையில் ஓட்டப் போகிறோம்? எத்தனை பேர் போவோம்? இரவில் ஓட்டுவோமா? மழையில் ஓட்டுவோமா?

பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள். ஃபோர் வீல் எந்த ரகத்தில் தொடங்குகிறது? லோ கியர் உண்டா? காற்றுப் பை எத்தனை? ஈ.எஸ்.பி. உண்டா? ஸ்டெப்னி டயர் மற்ற நான்கின் அளவேதானா? பதிலை வாய் வார்த்தையாக விடாதீர்கள். அச்சிட்ட பட்டியலில் காட்டச் சொல்லுங்கள். ரகங்களும் விலையும் அடிக்கடி மாறும். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ரகத்தில் இருந்தது, இந்த வருஷம் அதே ரகத்தில் இல்லாமல் போகலாம்.

கடைசியில், வண்டிக்குள் ஏறித் திரையைத் தட்டிப் பார்க்குமுன், ஒரு தடவை கீழே குனிந்து பாருங்கள். அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, டயர் எப்படி இருக்கிறது, முன் சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். திரை சிறிதாக இருந்தால் யாரும் வழியில் நின்று விடப் போவதில்லை!