நோயாளியின் இரவு

தொட்டாற்சுருங்கிச் செடி பகலில் இலை விரிப்பதும் இரவில் இலை கூம்புவதும் யாவரும் அறிந்ததே. கதிரவன் ஒளியே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1729-ஆம் ஆண்டில் தெ மெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அச்செடியை ஒளி புகாத இடத்தில் வைத்து நோக்கினார். இருளிலும் அது பகற்பொழுதில் இலை விரித்தது, இரவில் கூம்பியது. காலத்தை அறிவிக்கும் கருவியொன்று உயிரின் உள்ளேயே உள்ளதோ என்னும் ஐயம் இதனால் எழுந்தது.

மனிதனிடத்தும் அக்கருவி உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் திரண்ட சிறு பகுதியொன்று அமைந்துள்ளது. இதுவே உடலின் தலைமைக் கடிகாரம். கல்லீரல், இதயம் முதலிய உறுப்புகளிலும் சிறு கடிகாரங்கள் உள. அவற்றை இயைந்து நடக்கச் செய்வது இதுவே. இதன் ஒரு சுற்று பெரும்பாலோர்க்கு 24 மணி நேரத்தினும் சில நிமிடங்கள் மிகுந்திருக்கும். ஆதலின், நாள்தோறும் இதனைத் திருத்தி வைத்தல் வேண்டும். அப்பணியைச் செய்வது கண்வழிப் புகும் பகலொளி. இருள் சூழ்ந்ததும் பினியல் என்னும் சுரப்பி மெலட்டோனின் என்ற நீரைச் சுரந்து, இரவு வந்தமையை உடலெங்கும் அறிவிக்கிறது. வைகறைக்குச் சற்று முன்னர் உடல்வெப்பம் மிகவும் தாழ்கிறது. விடியலில் கார்டிசால் என்னும் வேறொரு நீர் பெருகி, உடலை எழுச்சிக்கு ஆயத்தம் செய்கிறது. இக்கடிகாரம் உயிரணுக்களுள் இயங்கும் முறையைப் பழ ஈயைக்கொண்டு ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, இக்கடிகாரம் தடுமாறும் இடமொன்றைக் காண்போம். 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிப் பலர் மூச்சுவிட இயலாது வருந்தினர். பியோர்ன் இப்சென் என்னும் மருத்துவர், நோயாளியின் தொண்டையில் குழாய் பொருத்தி, பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் வழியைக் காட்டினார். மருத்துவ மாணவர் நூற்றுக்கணக்கானோர் முறை வைத்து அல்லும் பகலும் பையை அழுத்தினர். அதன் பின்னரே, 1953-இல், இத்தகையோரைக் காக்கத் தனியிடம் அங்கு அமைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு இவ்வாறு இரவென்றும் பகலென்றும் பாராத இடமாகவே பிறந்தது. அதன் பெருமையும் அதுவே. நோயாளிக்கு நேரும் இடரும் அதுவே.

தமிழர் ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவ்வறையிலோ ஆறும் ஒரே பொழுதாகிவிடுகின்றன. பகலில் அங்குள்ள ஒளி, கடிகாரத்தைத் திருத்தும் அளவினதன்று. இரவிலோ விளக்குகள் முற்றும் அணைவதில்லை. உணவும் வாய்வழியன்றிக் குழாய்வழியே இரவு பகலாகச் சொட்டிக் கொண்டிருத்தல் உண்டு. ஓசையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதே இல்லை. மருத்துவமனையின் இரவு ஓசை 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1999-இல் அறிவுறுத்தியது. இவ்வறைகளில் அளந்தோர் 50 டெசிபலுக்கு மேலும் கண்டுள்ளனர். இருபதுதானே மிகுதி என்று எண்ணலாகாது. இவ்வளவையில் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது ஏறினால் நூறு மடங்காகும்.

இத்தகைய நோயாளியின் உறக்கத்தைக் கணக்கிட்டவர் வியப்பானதொன்றைக் கண்டனர். மொத்த நேரம் பலர்க்குக் குறைவதில்லை. ஆனால் அதிற் பாதியளவு பகலில் நிகழ்கிறது. அதுவும் துண்டு துண்டாய் நிகழ்கிறது. உடலைத் தேற்றும் ஆழ்ந்த உறக்கம் மிகவும் சுருங்கிவிடுகிறது. பார்க்க வரும் உறவினர், "நன்றாக உறங்குகிறார்" என்று ஆறுதல் கொள்வர். மருந்தால் வந்த மயக்கமும் உறக்கமும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறியார். குருதியில் நச்சுப் பரவிய நோயாளிகள் சிலரிடம் மெலட்டோனின் இரவில் ஏறிப் பகலில் இறங்கும் முறையே அழிந்திருந்தது.

இந்நிலையிலுள்ளோர் பலர்க்குச் சித்தக் குழப்பம் நேர்கிறது. இருக்கும் இடம் அறியாமலும் பெற்ற மக்களையே அடையாளம் காணாமலும் சிலர் மூச்சுக் குழாயைப் பிடுங்க முயல்வர். உறக்கக் கேடு ஒன்றே இதற்குக் காரணம் என்று துணிதல் தகாது. நோயின் கொடுமையும் மருந்துகளும் உடன் நிற்கின்றன. 2016-இல் வெளிவந்த நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்றில், பகலில் ஒளியை மிகுவித்தும் இக்குழப்பம் குறைந்திலது.

செவிலியர் நிலை இரங்கத்தக்கது. புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் உண்டாகும். புரட்டினால் உறக்கம் கலையும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய செவிலியர் நூலில் ஓசைக்கு ஓர் அதிகாரமும் ஒளிக்கு ஓர் அதிகாரமும் தனியே வகுத்தார். இன்று மருத்துவமனைகள் பல அவ்வழியே செல்கின்றன. காதடைப்பும் கண்மூடு துணியும் தருகின்றனர். பகலில் சாளரத்திரையை விலக்குகின்றனர். நோயாளியின் கண்ணெதிரே கடிகாரமும் நாட்காட்டியும் தொங்கவிடுகின்றனர். தனித்தனியே பலமுறை எழுப்பிச் செய்யும் பணிகளை ஒருங்கே முடிக்கின்றனர். நள்ளிரவிற்குப் பின் சில மணி நேரம், உயிர்காக்க வேண்டுவன தவிரப் பிறவற்றை நிறுத்தி வைத்தலும் உண்டு. அந்நேரத்தில் குருதி எடுப்பார் வாரார். உடம்பு துடைப்பாரும் இல்லை. கதவு சாத்தியிருக்கும், இதயத்துடிப்பைக் காட்டும் திரை செவிலியர் முன் ஒளிர்ந்து கொண்டிருக்கும்.