டொலர் நிறுத்திய யுத்தம்

வல்லரசு என்றால் படை அனுப்பித்தான் காரியம் பார்க்கும் என்று நினைக்கிறோம். 1956ஐப் பாருங்கோ.

நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பனியை அரசுடைமையாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து எகிப்தைத் தாக்கின. நிறுத்தியது அமெரிக்கா, அதுவும் ஒரு வெடி வைக்காமல். பவுண் ஆட்டம் கண்டு, லண்டனின் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். சர்வதேச நாணய நிதியத்தில் பிரித்தானியா பணம் எடுக்கும் வழியை ஐசன்ஹோவர் அரசு அடைத்தது. நவம்பர் 6 நள்ளிரவோடு சண்டை நின்றது. படைகளைத் திருப்பி எடுக்கிறோம் என்று டிசம்பரில் சம்மதித்த பிறகுதான் பணம் வந்தது.

நியாயத்துக்காகவா? பொறுங்கோ. அரபு நாடுகள் மொஸ்கோ பக்கம் சாய்ந்துவிடும் என்ற கவலைதான் பெரிது. அதே நாட்களில், நவம்பர் 4 அன்று, சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. ஹங்கேரி மக்களுக்குக் கிடைத்தது கண்டனமும் ஐ.நா. தீர்மானமும்தான். மொஸ்கோவை டொலரால் நெரிக்க முடியாது. படை அனுப்பினால் உலக யுத்தம்.

2009இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பதாகையோடு நின்ற நாங்களும் "தலையிடு" என்றுதான் கத்தினோம். எதை வைத்து என்று கேட்கத் தெரியவில்லை. இலங்கையின் ஆடைத் தொழில் நம்பியிருந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது 2010 ஆகஸ்டில். அந்தப் பிடி 2009 மே மாதமும் அவர்கள் கையில்தான் இருந்தது.