ஆஸ்கார் மீன்: தொட்டியில் விடும் முதல் ஒரு மணி நேரம்

'ஆசைப்பட்டு இரண்டு ஆஸ்கார் வாங்கி வந்தோம். விடிவதற்குள் இரண்டும் செத்துவிட்டன. மீன் சரியில்லையா?' என்று கேட்கிறார் ஒரு வாசகர். பெரும்பாலும் மீனைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்தான் காரணமாக இருக்கும்.

அமேசான் ஆற்றுப்படுகை மீன் இது. கொளத்தூரில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரும் பைத் தண்ணீருக்கும் நம் போர் தண்ணீருக்கும் சூடும் குணமும் வேறு. பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், முதல் நாளே பிடித்து ஏரேட்டர் ஓடவிட வேண்டும்.

விரல் நீளக் குஞ்சு ஓர் அடி வரை வளரும். இரண்டுக்கு 4 அடித் தொட்டியாவது தேவை. வாயில் அடங்குவதை எல்லாம் விழுங்கும் என்பதால் கப்பியோடு சேர்க்காதீர்கள். உயிர் மீனைத் தீனியாகப் போட்டால் நோயும் கூடவே வரும், கடைத் தீனியோடு, மருந்தடிக்காத வயலின் மண்புழு போதும் (அது நம்மிடம் இல்லாததா!). கழிவு அதிகம், வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

தொட்டி போதவில்லை என்று குளத்திலோ கிணற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுவிடும். வாங்கிய கடையில் கேளுங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.