பிளானை மாத்தியும் வைஃபை வேகம் கூடலையா? ஜவ்வாதுமலை வீடுகளுக்கு ஒரு விளக்கம்

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைப்பதுதான் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. ஜவ்வாதுமலை ஊராட்சிகளும் அதில் அடக்கம். சரி, உங்க வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் இணைப்பு வந்தாச்சுன்னு வைங்க. அப்பவும் உள்ளறையில் பிள்ளையோட ஆன்லைன் வகுப்பு சுத்திக்கிட்டே இருந்தா?

முதலில் ரவுட்டரில் கேபிள் மாட்டி லேப்டாப்பில் வேகத்தைச் சோதிங்க. 95-ஐத் தாண்டலையா? போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாகவோ, கேபிள் பழுதாகவோ இருக்கலாம். பழைய மெஷ் கருவிகள் சிலவற்றிலும் இதே சிக்கல்தான். 'கிகாபிட்' போர்ட் அவசியம்.

கேபிளில் 300 வந்து, உள்ளறையில் 40 தானா? குறை பிளானில் இல்லை, வீட்டுக்குள்ளே. டூயல்-பேண்ட் மெஷ், டேட்டாவை வாங்குவதும் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிடும். தடிமனான கல் சுவர் இன்னும் குறைக்கும்.

தீர்வு என்ன? மெஷ் கருவிகளை கேட்-6 கேபிளால் இணைங்க. 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். சுவரில் துளை போட முடியலையா? ட்ரை-பேண்ட் மெஷ் பாருங்க. இரண்டாவது கருவியை சிக்னலே வராத அறையில் வைக்காதீங்க. பாதி வழியில் வைங்க.

இதையெல்லாம் பார்த்த பிறகு பிளானை உயர்த்தலாம். இல்லைன்னா மாசாமாசம் கட்டுற கூடுதல் பணம் ரவுட்டரோடவே நின்னுடும்.