பாறையும் மண்டபமும்: ஏறுதல் பண்டமாகிய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கொழும்பு - கண்டி வீதியில் மாவனல்லையை அண்டிச் செல்வோர் உத்துவன்கந்தைப் பாறையைக் காணாது செல்லுதல் அரிது. அதன் உச்சியில் நின்றே சரதியல் பெருவீதியில் வரும் வண்டிகளை வேவு பார்த்தான் என்பது ஊர்வழக்கு. 1832இல் பிறந்து, 1864 மே 7ஆந் திகதி தன் தோழன் மம்மலே மரிக்காருடன் கண்டியில் தூக்கிலிடப்பட்ட அவனுக்குப் பாறையேற்றம் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது அவனது அரணும் தொழிலும் ஆகும். அவன் இறந்து ஓராண்டு கழிந்து, 1865 ஜூலை 14ஆந் திகதி, எட்வேட் விம்பர் என்ற ஆங்கிலேயரும் அவரது குழுவினரும் அல்ப்ஸ் மலைத்தொடரின் மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முறையாக ஏறி முடித்தனர். இறங்குகையில் கயிறு அறுந்து அவர்களுள் நால்வர் மாண்டனர். ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரு ஏற்றங்களுள் ஒன்று குற்றவியல் வரலாற்றிலும் மற்றொன்று விளையாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது எழும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். ஏறுதல் என்னும் உடற்செயல் உழைப்பினின்றும் பிரிந்து ஓய்வுநேரச் செயலாகி, ஈற்றில் கூரையின் கீழ் மாதக் கட்டணத்துக்கு விற்கப்படும் பண்டமாக மாறியது எங்ஙனம்? அவ்வாறு மாறிய பின்னர் அவ்வணிகம் எவற்றைக் கொண்டு உயிர் தரிக்கின்றது?

முதலில், உழைப்பாக இருந்த நிலையை நோக்குவோம். சங்க இலக்கியத்திற் பயிற்சியுடையோர் 'மால்பு' என்னும் சொல்லை அறிவர். மலைத்தேன் எடுப்போர் செங்குத்தான வரைகளில் ஏறுவதற்குச் சார்த்திய கணுக்களையுடைய மூங்கிலையே அது குறிக்கும்; மலைபடுகடாத்திலும் புறநானூற்றிலும் இதனைக் காணலாம். குறிஞ்சித் திணையின் அழகு பற்றிப் பேசுவோர் பலரும் இந்த மூங்கிலைக் கண்டுகொள்வதில்லை. திணைக் கோட்பாட்டிலே 'கருப்பொருள்' என ஒதுக்கப்பட்டவற்றுள்தான் அம்மக்களின் உற்பத்தி முறை புதைந்து கிடக்கின்றது. இன்றும் மாவனல்லை, அரநாயக்க ஆகிய பகுதிகளிலே கித்துள் சீவுவோர் உயர்ந்த மரங்களில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். கை நழுவினால் உயிர் போகும் இத்தொழிலில், ஏறுதலுக்கெனத் தனிக் கூலி கிடையாது. கிடைப்பது பாணிக்கும் கருப்பட்டிக்கும் சந்தை தரும் விலை மட்டுமே. சப்பிரகமுவையின் மற்றொரு பேரேற்றமான சிவனொளிபாதமலை யாத்திரை இவ்வகையைச் சார்ந்ததன்று. அது கூட்டாக நிகழ்வது, வழிபாட்டோடு பிணைந்தது. எனினும் அதுவும் விளையாட்டாகக் கருதப்பட்டதில்லை.

ஏறுதலை ஏறுதலுக்காகவே மேற்கொள்ளுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய, சிறப்பாக ஆங்கிலேய, நடுத்தர வர்க்கத்தின் ஆக்கமாகும். 1857இல் இலண்டனில் அல்பைன் கழகம் தோன்றிற்று. நீண்ட விடுமுறையும் வழிகாட்டிகளுக்குக் கூலி கொடுக்கும் வசதியும் உள்ளோர்க்கே அது உரியதாயிற்று. தொழிலாளர் இத்துறையினுள் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆந் திகதி, இளம் பொதுவுடைமையாளரான பெனி றொத்மனும் அவர்தம் தோழர்களும் டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், நிலவுடைமையாளரின் தடையை மீறிக் கூட்டமாக ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். மலைமீது நடக்கும் உரிமைக்காகச் சிறை! காணி உரிமை பற்றிய வினா அறுவடை நிலங்களோடு முடிந்துவிடுவதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. பின்னர், 1950களில், மன்செஸ்டர் நகரத்து உழைக்கும் வர்க்கத்தினரான ஜோ பிறவுண், டொன் வில்லன்ஸ் ஆகியோர் பிரித்தானியப் பாறையேற்றத்தின் தரத்தையே மாற்றியமைத்தனர். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வுள்ளோர்க்கு அல்ப்ஸ் தொலைவு. நகரத்தை அடுத்த சிறு பாறைகளே அண்மை. விளையாட்டின் வடிவத்தைக்கூட வேலைநாள் தீர்மானித்தது எனலாம்.

செயற்கை ஏறுசுவரின் தோற்றமும் இத்தகைய நெருக்கடியிலேதான். அமெரிக்காவின் சியாற்றில் நகரில், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்றோர்க்கு வேலை வழங்கிய அரச திட்டத்தின் கீழ், 1930களின் இறுதியில் ஏறிப் பழகுவதற்கென ஒரு கற்பாறை கட்டப்பட்டது. அதனைத் திட்டமிட்ட கிளார்க் ஷேர்மனின் பெயரால் இன்று அது வழங்குகின்றது. இத்துறையின் தொடக்கத்தில் தனியார் முதல் இல்லை, பொதுப்பணமே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுத்த திருப்பமும் பொது நிறுவனமொன்றிலேயே நிகழ்ந்தது. 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி விரிவுரையாளர் டொன் றொபின்சன், நடைகூடமொன்றின் சுவரிலே கற்றுண்டுகளைப் பதித்து ஏறுசுவர் ஒன்றை அமைத்தார். மழையும் குளிரும் மிக்க யோக்ஷயரில் பனிக்காலம் முழுவதும் பயிற்சி தொடர வேண்டும் என்பதே நோக்கம். அச்சுவரிலே பழகிய ஜோன் சிரெற் என்ற மாணவர் 1970ஐ அண்டிய காலத்தில் வெளிப்பாறைகளில் நிகழ்த்திய ஏற்றங்கள் மூத்த ஏறுநரை வியக்கவைத்தன. சுவரில் பெற்ற வலிமை பாறையிலும் பயன்படும் என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டது. றொபின்சன் பின்னர் இத்தகைய சுவர்களை அமைக்கும் தொழிலையும் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் நடைகூடத்தில் பிறந்த கருவி சந்தைக்குச் சென்ற பாதை இதுவே.

எனினும், சுவர் விற்கப்படுவது ஒன்று. சுவரில் ஏறும் நேரம் விற்கப்படுவது பிறிதொன்று. இரண்டாவது நிகழ்வதற்கு 1980களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1987இல் சியாற்றிலில் றிச் ஜோன்ஸ்ரன், டான் கோத்தோர்ண் ஆகிய இருவரும், பண்டகசாலைக் கட்டடமொன்றின் சுவர்களில் கற்களை ஒட்டி, கட்டணம் செலுத்தி ஏறும் மண்டபத்தைத் திறந்தனர். அதே ஆண்டில் பிரசெல்ஸ் நகரிலும் இத்தகைய மண்டபம் திறக்கப்பட்டது. உலகில் முதலாவது எது என்னும் வழக்கை இரு தரப்பினரின் ஆர்வலர்களிடமே விட்டுவிடலாம். ஒன்றையொன்று சாராத இரு நகரங்களில் ஒரே ஆண்டில் ஒரே வணிகம் தோன்றியதே நமக்கு முக்கியம். தனியொருவரின் கற்பனைக்கு அப்பாற்பட்ட புறநிலைக் காரணிகள் முதிர்ந்திருந்தன என்பதற்கு அது சான்று.

அக்காரணிகளுள் இரண்டைக் குறிப்பிடல் தகும். ஒன்று தொழில்நுட்பம். பிரான்சில் 1985இல் பிரான்சுவா சவிஞி தொடங்கிய நிறுவனம், கழற்றிப் பூட்டத்தக்க பலகைகளையும் பிசினால் வார்த்த பிடிகளையும் உருவாக்கிற்று. கல்லைப் பதித்த சுவர் என்றும் ஒரே சுவர். பிடிகளைத் திருகாணியால் மாற்றக்கூடிய சுவரோ ஓயாது புதிதாகும் சுவர். இவ்வேறுபாட்டிற்கு மீண்டும் வருவோம். மற்றையது போட்டி. 1985இல் இத்தாலியின் பார்தொனெக்கியாவில் இயற்கைப் பாறையிலே போட்டி நடைபெற்றது. அதே ஆண்டிற் பிரெஞ்சு ஏறுநர் பத்தொன்பதின்மர் போட்டிகளுக்கு எதிராக அறிக்கை வெளியிட்டனர். அவர்களுட் சிலர் பின்னர் போட்டிகளிற் பங்குபற்றியதைச் சுட்டி நகைப்போர் உளர். நாம் நகைக்கவில்லை, அறத்தை மட்டும் கருவியாகக் கொண்டு சந்தையை எதிர்த்தோர் வேறு எங்கும் இதனினும் நெடுநாள் தாக்குப்பிடித்ததில்லை. 1986இல் லியோன் நகரை அடுத்த வோல்-ஆன்-வெலானில் போட்டி கூரையின் கீழ் வந்தது; 1989இல் உலகக் கிண்ணத் தொடர் ஆரம்பமாயிற்று, அதன் போட்டியொன்று லீட்ஸில் நடைபெற்றது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறை இடம்பெற்றது.

இனி, இம்மண்டபங்கள் எங்கே எழுந்தன என்பதை நோக்குக. 1991இல் ஷெபீல்டில் திறக்கப்பட்ட புகழ்பெற்ற மண்டபத்தின் பெயரே 'வார்ப்படசாலை' எனப் பொருள்படும். உருக்குத் தொழில் சரிந்து பல்லாயிரவர் வேலையிழந்த நகரம் அது. இலண்டனில் 1995இல் திறக்கப்பட்ட மண்டபம், விக்ரோரியா காலத்து நீரேற்று நிலையமொன்றினுள் அமைந்தது. பிற நகரங்களிலோ கைவிடப்பட்ட பண்டகசாலைகள். உயர்ந்த கூரையும் குறைந்த வாடகையும் ஒருங்கே கிடைக்கும் இடம், தொழிற்சாலை மூடப்பட்ட இடமேயன்றி வேறில்லை. ஒருவன் இரும்பு தூக்கிக் கூலி பெற்ற கூடத்திலே அவனுடைய பேரன் கட்டணம் செலுத்தித் தன் உடலைத் தூக்குகிறான். இதனைக் கவிஞர் எவரேனும் பாடியிருந்தால் மிகைக் கற்பனை என்றே நாமும் விமர்சித்திருப்போம்.

வணிகமாக இம்மண்டபத்தின் இயக்கம் நுணுகி நோக்கத்தக்கது. செலவிற் பெரும்பகுதி நிலையானது: வாடகை, சுவர் அமைத்த கடன், காப்புறுதி. மண்டபத்தில் ஐவர் ஏறினாலும் ஐம்பதின்மர் ஏறினாலும் இச்செலவு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, நாட்சீட்டு விற்று வாழ முயன்ற மண்டபங்கள் கோடை வந்து ஏறுநர் வெளிப்பாறைகளுக்குச் சென்றவுடன் தள்ளாடின. மாத உறுப்புரிமையே அவற்றை நிலைநிறுத்திற்று. வராத மாதத்துக்கும் பணம் செலுத்தும் உறுப்பினரே இவ்வணிகத்துக்கு மிகவும் உகந்தவர்! சிறுவர் பிறந்தநாள் கொண்டாட்டம், பாடசாலைக் குழுக்கள், சப்பாத்து வாடகை, சிற்றுண்டிச்சாலை ஆகியன எஞ்சிய பள்ளத்தை நிரப்பின. தேர்ந்த ஏறுநர்கள் பிறந்தநாள் கூச்சலைப் பற்றி முறையிடுவதுண்டு. தம் கட்டணம் ஏறாதிருப்பதற்கு அக்கூச்சலும் ஒரு காரணம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி முதல் கயிறின்றித் தாழ்ந்த சுவரில் ஏறித் தடித்த மெத்தையில் விழும் முறை பரவலாயிற்று. கயிறு பிடிக்கத் துணை வேண்டா. புதியவருக்கு முடிச்சுப் போடக் கற்பிக்கும் ஊழியரும் வேண்டா. உயர்ந்த கூரையும் வேண்டா. செலவு குறைந்தது, நகர மத்தியிலே சிறு இடமும் போதியதாயிற்று. ஆனால் கயிறு இருவரைப் பிணைத்திருந்தது என்பதும் உண்மை. ஒருவரின் உயிர் மற்றொருவரின் கையிலிருந்த அவ்வுறவின் இடத்தைக் காதொலிக் கருவியணிந்து தனித்து ஏறும் நுகர்வோர் பிடித்துக்கொண்டார். இதனை இழப்பு எனவே நாம் கருதுகின்றோம். மறுபுறம், மலையில்லா ஊரினரும், காட்டுப் பாறைக்குத் தனியே செல்ல அஞ்சிய பெண்களும் இம்மண்டபங்களாலேயே ஏறுநராயினர். இதனை மறைத்துவிட்டுப் பழமைக்கு ஏங்குதல் இயக்கவியல் நோக்காகாது.

முன்னர் குறிப்பிட்ட மாற்றத்தக்க பிடிகளின் முக்கியத்துவம் இங்கேயே புலப்படும். ஒருமுறை ஏறி முடித்த பாதை ஏறுநருக்குச் சலிப்பூட்டும். எனவே சில வாரங்களுக்கொருமுறை பிடிகளைக் கழற்றிக் கழுவிப் புதிய பாதைகள் அமைக்கப்படுகின்றன. மண்டபம் விற்பது சுவரையன்று, இந்த ஓயாத புதுமையையே. அதனை உற்பத்தி செய்வோர் பாதை அமைப்போராவர். ஏணியிலும் கயிற்றிலும் தொங்கி, பாரமான பிடிகளைச் சுமந்து திருகும் இவர்களின் தோளும் முழங்கையும் விரைவில் தேய்கின்றன. 'விருப்பத்துக்காகச் செய்யும் வேலை' என்ற சொல் இவர்தம் ஊதியத்தைக் குறைப்பதற்குப் பயன்பட்டது. கித்துள் மரத்தில் ஏறுபவரை நாம் மீண்டும் சந்திப்பது இங்கேதான்: ஓய்வாக விற்கப்படும் ஏறுதலின் பின்னால் உழைப்பாகிய ஏறுதல் மறைந்து நிற்கின்றது.

சுவர் உற்பத்தியும் கூலி குறைந்த இடங்களை நாடிற்று. சோசலிச முகாம் சிதைந்த பின், 1998இல் பல்கேரியாவில் தொடங்கப்பட்ட வோல்ரோப்பியா நிறுவனம் உலகின் மிகப் பெரிய ஏறுசுவர் உற்பத்தியாளருள் ஒன்றாயிற்று. அமெரிக்காவிலோ, நண்பர் இருவர் கல் ஒட்டித் தொடங்கிய காலம் போய், 2010களின் பிற்பகுதியில் முதலீட்டு நிதியங்கள் பல மண்டபங்களை ஒன்றிணைத்துச் சங்கிலித் தொடர்களாக்கின. 2020இல் பெருந்தொற்றால் மண்டபங்கள் மூடப்பட்டபோது, பெருமுதலின் துணையுள்ளவை காத்திருக்க முடிந்தது. வாடகையை மாதந்தோறும் உழைத்துக் கட்டிய சிறியவற்றுக்கு அவ்வசதி இல்லை. இதன் மறுவிளைவாக, 2021இன் இறுதியில் வேர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் அத்தகைய தொடரொன்றின் மண்டப ஊழியர் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். பின்னர் நியூ யோர்க், லொஸ் ஏஞ்சலஸ் நகரங்களிலும் இம்முயற்சி தொடர்ந்தது.

நம் நாட்டிலே ஏறுதலின் அண்மைக்கால வரலாற்றில் 2016 மே மாதம் மறக்கவியலாதது. அம்மாதம் 21ஆந் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் இலங்கையரானார். பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரான அவர் டார்ஜிலிங்கின் மலையேற்ற நிறுவனத்தில் பயின்றவர். அதற்கு நான்கு நாள் முன்னர், 17ஆந் திகதி, மாவனல்லைக்கு அண்மையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயன்கள்மீது மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. அச்சரிவில் லயன் கட்டும் இடத்தைத் தேர்ந்தவர்கள் அங்கு வாழ்ந்தவர்களல்லர்.

உத்துவன்கந்தையை அண்டிய பகுதியில் இப்போது சரதியலின் பெயரால் உல்லாசப் பயணிகளுக்கான மாதிரிக் கிராமம் ஒன்று உண்டு. பாறையில் ஏறுவதற்கு வார இறுதிகளில் கொழும்பிலிருந்து இளைஞர் வருகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டிச் செல்வோர் பெரும்பாலும் ஊரவரே. அவ்வேலைக்குக் கூலி எவ்வளவு என்று நாம் வினவியபோது, கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்றார் ஒருவர்.