பணிவிடைக்கு ஒரு வேலூர் சாட்சி

சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவைப் பின்பற்றுவோருக்குப் பணிவிடை என்பது வெறும் பணிவு அல்ல. பிறரை நிமிர வைக்கும் உழைப்பு. வேலூரில் 1900-ல் ஒரே படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரே இதற்குச் சாட்சி. நோயாளிகளைக் கவனித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1909-ல் செவிலியர் பயிற்சியையும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கி, தன் திறமையை இந்நாட்டுப் பெண்களின் கையில் ஒப்படைத்தார்.

மதம் பரப்பத்தானே இத்தனையும் என்று கேட்கலாம். மிஷனரிகளுக்கு அந்த விருப்பம் இருந்தது உண்மை. ஆயினும் எல்லா மதத்தினரும் அங்கே சிகிச்சை பெற்றார்கள். பணிவிடையைப் போதிப்பது அடங்கிக் கிடப்பவரையே மேலும் அடங்கச் சொல்வதல்லவா என்பது இன்னும் கனமான கேள்வி. ஏழைக்குப் பணிவைப் போதிப்பது அநியாயம்தான். இங்கே குனிந்தவரோ படிப்பும் வசதியும் பெற்றவர். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.